பழைய மடிக்கணினியை வேகப்படுத்தப் போனபோது கண்டவை: அனுபவப் பகிர்வு

கோண்டாவிலிலிருந்து ஒரு தாய்

உயர்தரம் படிக்கும் என் மகளிடம் இருப்பது, கனடாவிலுள்ள என் தமையன் தான் பாவித்துவிட்டு அனுப்பிய மடிக்கணினி. அது மந்தமாகும் போதெல்லாம் நாங்கள் வழமையாகக் கொடுக்கும் கடையில் ‘போர்மற்’ செய்து, அதாவது எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவித் தருவார்கள். சில கிழமைகள் ஒழுங்காக ஓடும், பிறகு பழைய நிலைக்கே வந்துவிடும்.

இம்முறை வேறொரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞர் எதையும் கழற்றவில்லை. எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பி, “அக்கா, இதைப் பாருங்கோ” என்றார். நாங்கள் எதையுமே திறந்திராத நிலையில், புரொசெசர் வேலையின்றிச் சும்மா இருக்க, வன்தட்டின் நிரல் மட்டும் 100 சதவீதத்தில் அசையாமல் நின்றது. பிறகு விசைப்பலகைக்குக் கீழே ஓரிடத்தைக் காட்டிக் கையை வைக்கச் சொன்னார். உள்ளே வாசிப்பு முனை இடம்விட்டு இடம் பாய்ந்து நறநறப்பது உள்ளங்கையில் தெரிந்தது. நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் தட்டு ஒரு பெரிய கோப்பை ஒரே ஓட்டத்தில் வாசிக்குமாம். ஆனால் அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரம் சிறு கோப்புகளைக் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் முனை நகர்ந்து, தட்டு சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டுமாம். வன்தட்டுக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் நகரும் பாகம் எதுவும் இல்லாதபடியால் அந்தக் காத்திருப்பு இல்லை.

எஸ்எஸ்டி போட்ட பிறகு மகளுக்கு ஒரு குறையும் இல்லை. என்னை உறுத்துவது வேறு. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் வந்துவிடும் அந்தத் திரையை, இத்தனை காலமும் காசு வாங்கிய கடையில் எவரும் எனக்குத் திறந்து காட்டியதில்லை.

சுன்னாகத்தார்

சகோதரி சொல்வது அவருடைய கணினிக்குச் சரி. அதை வாசித்துவிட்டு எல்லாரும் எஸ்எஸ்டி வாங்க ஓடுவார்கள் என்பதால் எழுதுகிறேன். நானும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டுவிட்டேன், நினைவகத்தையும் (ராம்) 8 கிகாபைற்றாக உயர்த்திவிட்டேன். அப்படியிருந்தும் காலையில் திறந்தவுடன் நன்றாக ஓடும் கணினி, சற்று நேரம் கழிய விசிறி இரைந்து, சுட்டி திக்கித் திக்கி நகரும் நிலைக்கு வந்துவிடும்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வெங்காயத் தோட்டம். செம்மண் புழுதி எங்கே புகாது? திருத்துநர் அடிமூடியைக் கழற்றி விசிறியை எடுத்தபோது, அதற்கும் செப்புக் குழாயின் முனையிலுள்ள மெல்லிய தகடுகளுக்கும் இடையில் செந்நிறப் படலம் ஒன்று அடைத்திருந்தது. குறட்டால் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். கல்லிலிருந்து தோசை கிளம்புவதுபோல் முழுதாகக் கிளம்பி வந்தது. பத்திரிகைத் தாளில் வைத்துப் பார்த்தால் அதில் தகடுகளின் கோடுகள் வரிசையாகப் பதிந்திருந்தன. இதனூடாக எந்தக் காற்று வெளியே போயிருக்கும்? வெப்பநிலை 100 பாகை செல்சியஸை நெருங்கினால் புரொசெசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துவிடும். அந்த நேரத்தில் உள்ளே எஸ்எஸ்டி இருந்தென்ன, வேறு எது இருந்தென்ன?

நீங்களே துப்புரவு செய்வதானால், காற்று அடிக்கும்போது விசிறியின் இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சுழன்றால் அதன் தாங்கி கெட்டுவிடும். புரொசெசருக்கு மேலே காய்ந்துபோன தேர்மல் பேஸ்ட் (வெப்பத்தைக் கடத்தும் பசை) இருந்தால் அதைச் சுரண்டாமல் ஐசோப்ரொப்பைல் மதுசாரத்தால் துடைத்துவிட்டுப் புதியதைப் பூசுங்கள், அதுவும் சிறிதளவே. மெத்தையிலும் தலையணையிலும் கணினியை வைத்து வேலை செய்பவர்கள் இதையெல்லாம் செய்தும் பயனில்லை, ஏனென்றால் பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்பக்கத்தால்தான் காற்றை இழுக்கின்றன.

காரைநகரான்

எங்களுக்குப் புழுதியில்லை, உப்புக்காற்று. 4 கிகாபைற்று நினைவகம் உள்ள கணினி 2 என்று மட்டும் காட்டியது. கழற்றிப் பார்த்தால் ஒரு நினைவக அட்டையின் தொடுமுனைகள் பச்சை பூத்திருந்தன. துடைத்துச் செருகியவுடன் 4 என்று காட்டியது. வேறு எதுவும் வாங்கவில்லை.

நல்லூர் மாணவன்

சுன்னாகத்து அண்ணா எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறார். என் கணினியில் கழற்றுவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை என்பதுதான் என் கதை.

2022 இல் மின்வெட்டு நீடித்த காலத்தில், மின்சாரம் இருக்கும் வீடு தேடிச் சார்ஜரும் கையுமாகத் திரிந்ததில் அது பழுதாகிவிட்டது. பதிலாக நகரில் ஒரு மாற்றுச் சார்ஜர் வாங்கினேன். அதன்பின் கணினி நகர மறுத்தது. எஸ்எஸ்டி பழுது என்றார்கள், வைரஸ் என்றார்கள். ஒரு நாள் இறுதியாண்டு அறிக்கையைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கம் நகரக் காத்திருந்தபோது மின்சாரம் போனது. போன அதே கணத்தில், அதுவரை உறைந்து கிடந்த பக்கங்கள் சரசரவென்று ஓடி அடியில் போய் நின்றன. பற்றறியில் வேகம், மின்சாரத்தில் மந்தம்! டாஸ்க் மனேஜரில் பார்த்தேன்: சார்ஜர் செருகியிருந்தால் புரொசெசரின் வேகம் 1 கிகாஹேர்ட்ஸைக்கூடத் தொடவில்லை, பிடுங்கினால் ஏறியது.

சில மடிக்கணினிகளில் சார்ஜர் முனையின் நடுவே உள்ள ஊசி, இது எத்தனை வாற்று தரக்கூடிய சார்ஜர் என்பதைக் கணினிக்கு அறிவிக்கும். அந்தத் தகவல் வராவிட்டால் கணினி எச்சரிக்கையாகத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உரிய சார்ஜர் வாங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. அறிக்கைதான் உரிய நாளில் போகவில்லை.

யாழ்ப்பாணத் திருநெல்வேலி, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்

பிள்ளைகளே, நீங்கள் எல்லாரும் பாகங்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் கதை சிறியது: பேரன் என் பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவசப் பணிசெயல் முறைமையைப் போட்டுத் தந்தான், நன்றாக ஓடுகிறது.

விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள், 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஓ, ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது. இன்டெல் என்றால் எட்டாந் தலைமுறைக்கு முந்திய புரொசெசர்களை, மிகச் சிலவற்றைத் தவிர, ஏற்பதில்லை. ஆகவே வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய பழைய கணினிகளில் பல இனி அதற்குத் தகுதி பெறா. இந்நிலையில் பணிசெயல் முறைமையை மாற்றுவதே அறிவு. மின்ட்டின் எக்ஸ்எப்சிஈ என்ற இலகுவான பதிப்புக்கு 2 கிகாபைற்று நினைவகம் இருந்தாலே நிறுவலாம், 4 இருந்தால் வசதி. வன்தட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டுப் பார்க்கலாம். வை-பை, ஒலி, அச்சுப்பொறி எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகு நிறுவுங்கள். நினைவகம் வாங்கப் போகிறவர்கள் டிடிஆர்3 க்கும் டிடிஆர்3எல் க்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டு வாங்குங்கள், முன்னையது 1.5 வோல்ற்று, பின்னையது 1.35 வோல்ற்று. பின்னையதை மட்டுமே ஏற்கும் கணினியில் முன்னையதைச் செருகினால் கணினி தொடங்காமலே போகலாம். வெளிநாட்டுச் சார்ஜருக்கு டிரான்ஸ்போமர் வேண்டுமா என்று என்னிடம் கேட்பவர்களும் உண்டு. சார்ஜரின் முதுகில் 100–240 வோல்ற்று என்று அச்சிட்டிருந்தால் வேண்டாம், செருகியை மட்டும் மாற்றினால் போதும்.

கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அருகில் தட்டச்சுக் கடை நடத்துபவர்

ஐயா, உங்கள் அறிவுரையை உங்களுக்கு முன்பே வேறொருவர் எனக்குச் சொன்னார். அவரே நிறுவியும் தந்தார். மறுநாள் காணி உறுதியின் வரைவை எடுக்க ஓர் அம்மா வந்திருந்தார். கோப்பைத் திறந்தேன், பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருந்தது. எங்கள் ஆவணங்கள் எல்லாம், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியவை என்பதும், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அவை தமிழாகத் தெரியமாட்டா என்பதும் நிறுவித் தந்தவருக்குத் தோன்றவில்லை. “தம்பி, இது என்ர காணிதானே?” என்று அந்த அம்மா கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பாமினியைப் பிறகு சேர்த்துக்கொண்டோம். எழுத்து வந்தது, வரிகள்தான் இடம் மாறி, ஒரு பக்கத்தில் அடங்க வேண்டிய ஒப்பங்கள் அடுத்த பக்கத்துக்குப் போயின. வீட்டில் இணையம் பார்ப்பவருக்கு லினக்ஸ் நல்லது, மறுக்கவில்லை. எனக்கு விண்டோஸ்தான், அந்தக் கணினியை இணையத்தில் இணைக்காமல் பாவிக்கிறேன்.

மானிப்பாய்த் திருத்துநர்

கடைக்காரரைப் பற்றி முதலில் எழுதிய அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வன்தட்டு 100 சதவீதத்தில் நிற்பதற்கு அதன் வயது மட்டும் காரணமல்ல. சாகப்போகும் தட்டும் அப்படித்தான் நிற்கும். அதில் எதையும் செய்யுமுன் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறிடத்தில் எடுத்துவைத்துவிட வேண்டும்.

என்னிடம் ஒரு பெரியவர், மந்தமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிக் கணினியைத் தந்தார். மேசையில் வைத்தால் அது ஆடியது. தொடுபலகை ஒருபக்கம் மேலெழுந்திருந்தது. பற்றறி ஊதி உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. ஊதிய லிதியம் பற்றறியைக் குத்தினாலோ நசித்தாலோ தீப்பிடிக்கும். ஆகவே அதை உடனே கழற்றிவிட்டேன். அன்று மாலை இலண்டனிலுள்ள மகனோடு கதைக்க வேண்டும் என்று அவர் நின்ற நிலையில் நின்றார். புதிய பற்றறி வரும்வரை சார்ஜரில் மட்டும் பாவிக்கலாம், ஆனால் வேகம் இன்னும் குறையலாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன். நல்லூர்த் தம்பி சொன்னதன் மறுபக்கம் இது: சில கணினிகள் பற்றறி இல்லாதபோதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஏனென்றால் திடீரென்று கூடுதல் மின்சாரம் தேவைப்பட்டால் சார்ஜரோடு சேர்ந்து அதைக் கொடுக்க அங்கே பற்றறி இல்லை.

அடுத்த நாள் அவர் வந்து, முன்பைவிட மோசமாக்கிவிட்டாய் என்று வாடிக்கையாளர்கள் முன்னிலையில் சத்தம் போட்டார். புதிய பற்றறி பொருத்தியதும் கணினி பழையபடி ஓடியது. ஆனாலும் நான் முதலில் எதையோ கெடுத்து, பிறகு திருத்திக் காசு வாங்கினேன் என்றுதான் அவர் ஊரில் சொல்லித் திரிகிறார்.