320 பக்கம், கெட்டி அட்டை, முழுக்க கலர்: இந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகுது? (அனுபவப் பகிர்வு)

பனிமலை:

போன வருஷம் பர்மிங்ஹாமில் யூகே கேம்ஸ் எக்ஸ்போ நடந்தபோது, ஒரு சின்னப் பதிப்பாளரின் கடையில் இரண்டு நாள் கூடமாட ஒத்தாசைக்கு நின்றேன். சம்பளம் கிடையாது. நுழைவுச்சீட்டும் ஒரு புத்தகமும் கூலி. ரோல்பிளேயிங் கேம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை ஆடும் விளையாட்டு) விதிநூல்கள்தான் சரக்கு. முதல் நாள் காலையிலேயே பெட்டி தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது.

புத்தகத்தைப் புரட்டியவர்கள் பலரும் "இவ்வளவுதானா?" என்றுதான் கேட்டார்கள். நூலால் தைத்த கட்டு, பக்கத்துக்குப் பக்கம் ஓவியம், அடையாளத்துக்குப் பட்டு நாடா வேறு. நான் படித்த இன்ஜினியரிங் புத்தகம் இதைவிட ஒல்லி, கறுப்பு வெள்ளை, விலை மட்டும் இதைவிட அதிகம்.

மத்தியானம் சாண்ட்விச் தின்றுகொண்டே அந்தப் பதிப்பாளர் அம்மா கணக்கைச் சொன்னார். அட்டையில் 50 என்று போட்டால், கடைக்காரரும் விநியோகஸ்தரும் எடுத்ததுபோக அவர் கைக்கு வருவது 20. ஓவியர், எழுத்தாளர், கிடங்கு எல்லாம் அதற்குள். அச்சுச் செலவு அட்டை விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டும் என்று தெரிந்தால் அந்தப் புத்தகத்தையே போட மாட்டாராம். நேரில் விற்றால் நடுவில் பங்கு கேட்க ஆளில்லை. அதனால்தான் இரண்டு நாளும் கால்கடுக்க நின்றார்.

அச்சுத்தொழில் தெரிந்தவர்கள், இந்த விளையாட்டு ஆடுகிறவர்கள், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

ஃபாரம்16:

சிவகாசியில 31 வருஷம் ஆஃப்செட் மெஷின்ல நின்னவன். இந்த விளையாட்டு எனக்குத் தெரியாது. பெங்களூர்ல இருக்கிற மருமகன் லீவுக்கு வந்தப்ப அப்படி ஒரு புத்தகத்தை வச்சுட்டுப் போனான். பிள்ளைங்க கதை படிப்பாங்க, நான் முதுகைத்தான் பார்ப்பேன். எண்ணிப் பார்த்தேன். ஒரே தாள்ல அடிச்சு மடிக்கிற கட்டைத்தான் ஃபாரம்னு சொல்வோம். 16 பக்க ஃபாரம், மொத்தம் 20. அதாவது 320 பக்கம், ஒரு பக்கம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. கடைசித் தாள்ல ஆடுறவங்க பூர்த்தி செய்யக் கட்டம் கட்டமா ஒரு படிவம். பார்த்ததும் சிரிச்சுட்டேன். ஃபாரத்துல இடம் மிச்சமாயிருக்கு, அதை நிரப்பியிருக்கான். 324 பக்கம்னு போயிருந்தா அந்த நாலு பக்கத்துக்காகத் தனியா ஒரு துண்டு ஃபாரம் ஓட்டணும். விவரம் தெரிஞ்சவன் நாலு பக்கத்தை வெட்டிருவான்.

கலர்னா ஃபாரத்துக்கு முன்பக்கம் நாலு பிளேட் (மெஷின்ல மாட்டுற அச்சுத் தகடு, மை ஒண்ணுக்கு ஒண்ணு), பின்பக்கம் நாலு. 20 ஃபாரத்துக்கு 160 பிளேட். ஒரு பிரதி அடிச்சாலும் 160, பத்தாயிரம் அடிச்சாலும் அதேதான். கலர் நிலைக்கு வர்ற வரைக்கும் வீணாப்போற தாளையும் சேர்த்துக்கங்க. ஒரு பேச்சுக்கு, இந்த ஆரம்பச் செலவு ஒரு லட்சம்னு வைங்க. 500 பிரதின்னா தலைக்கு 200 ரூபாய். 5,000 பிரதின்னா 20 ரூபாய். நல்ல தாளுக்கும் மட்டமான தாளுக்கும் உள்ள வித்தியாசமெல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமில்ல. பாதிப்பேர் தாள்ல கஞ்சத்தனம் பண்ணி புத்தகத்தைக் கெடுக்குறான்.

தையலை மட்டும் விட்டுடக் கூடாது. நாலு மணி நேரம் மேசையில மல்லாந்து கிடக்கிற புத்தகம்னு மருமகன் சொன்னான். வெறும் பசை போட்டு ஒட்டினா ஆறு மாசத்துல நடுப்பக்கம் கையோட வந்துரும்.

ஞாயிறு மாலை:

மாமா, பிரமாதம். நான் சென்னையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டம் நடத்துகிறேன். நீங்கள் சொன்ன எண்ணிக்கைக் கணக்குதான் இந்தத் தொழிலின் கதையே. 1974-ல் கேரி கைகாக்ஸ் இந்த வகை விளையாட்டுகளுக்கு முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது முதல் அச்சு 1,000 பெட்டிதான். மூன்று குட்டிப் புத்தகங்களைக் கையாலேயே பெட்டியில் அடுக்கி 10 டாலருக்கு விற்றார்கள். 5,000 அடிக்கக் காசும் இல்லை, அத்தனை பேர் வாங்குவார்கள் என்ற நம்பிக்கையும் இல்லை. மூன்று வருஷம் கழித்துத்தான் கெட்டி அட்டையில் அசுரர் பட்டியல் புத்தகம் வந்தது.

இப்போது முன்பணம் வாங்கி அச்சடிக்கிறார்கள். ஈவில் ஹேட் நிறுவனம் ஃபேட் கோர் விளையாட்டுக்காக 2012 கடைசியில் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் பணம் திரட்டியது. 10,000 பேருக்கு மேல் சேர்ந்து 4 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். மெஷின் ஓடுவதற்கு முன்பே எத்தனை பிரதி என்று தெரிந்துவிட்டது. அதே குடும்பத்தில் சுருக்கமாக ஒரு புத்தகம் 2013-ல் வந்தது, விலை 5 டாலர். எத்தனை பக்கம் தெரியுமா மாமா? 48. மூன்று ஃபாரம்!

என் சொந்தக் கதை இதற்கு நேர் எதிர். ஒரு விதிநூலை ஒற்றைப் பிரதியாக அச்சடித்து அனுப்பும் முறையில் வாங்கினேன். பிளேட் கிடையாது, அதனால் ஒன்று அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் பிரதிக்கு ஒரே செலவு. பதிப்பாளருக்குக் கிடங்கு வாடகை மிச்சம். வாங்கிய எனக்கோ புத்தக விலையைவிடத் தபால் செலவு கூடுதல். வந்து பார்த்தால் அட்டை ஒரு ஓரமாய் இழுத்து வெட்டியிருந்தது, டிராகனுக்கு வால் நுனி இல்லை. எழுதிக் கேட்டேன், வேறொன்று அனுப்பினார்கள். அதில் வால் இருந்தது, பக்கம் 112 இரண்டு முறை இருந்தது. அதற்குமேல் சண்டை போடத் தெம்பில்லை.

ஓவியச் செலவை யாரும் சொல்லவில்லையே? அச்சைவிட அதில் முழுகிப்போன சின்னப் பதிப்பாளர்கள் உண்டு. கெவின் கிராஃபோர்ட் என்று ஒருவர், ஸ்டார்ஸ் விதவுட் நம்பர் என்ற விளையாட்டை எழுதியவர், ஒற்றை ஆளாகப் பதிப்பகம் நடத்துகிறார். எழுத்து முழுக்க முடிந்த பிறகுதான் பணம் கேட்டு வருவார். விளையாட்டின் பெரும்பகுதியை இலவசமாகவே தருகிறார். தான் காசு கொடுத்து வரைய வைத்த படங்களையும் மற்ற பதிப்பாளர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் விட்டார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பக்தியே உண்டு.

பனிமலை:

வரியை விட்டுவிட்டோம். இங்கே பிரிட்டனில் அச்சுப் புத்தகத்துக்கு விற்பனை வரி பூஜ்ஜியம். அதே புத்தகத்தைப் பகடையோடு பெட்டிக்குள் வைத்து விளையாட்டு என்று விற்றால் 20 சதவீதம். எங்கள் கடையில் பகடை தனித் தட்டில் இருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனச் சரக்குக்கு வரியை 145 சதவீதம்வரை ஏற்றியபோதும் இதே கூத்து. புத்தகங்களுக்கு விலக்கு கிடைத்தது, பெட்டி விளையாட்டுகளுக்கு இல்லை. அட்டையும் பொம்மையும் போட்டவர்கள் கப்பலை நிறுத்திவிட்டுக் கையைப் பிசைந்தார்கள்.

மாமா, ஒரு சந்தேகம். கட்டைப் பிரிக்காமல் எப்படி ஃபாரத்தை எண்ணினீர்கள்?

ஃபாரம்16:

மேல் விளிம்புல பார்த்தாலே மடிப்பு தெரியும், எண்ணிடலாம். ஆனா தையல் எப்படிப் போட்டிருக்கான்னு பார்க்க ஆசை வந்துருச்சு, பிரிச்சுட்டேன். நேத்து மருமகன் போன்ல கேட்டான், "புத்தகம் பத்திரமா மாமா?"ன்னு. பத்திரமா இருக்குன்னு சொல்லிட்டேன். 20 ஃபாரமும் பத்திரம்தான். பொங்கலுக்கு அவன் வர்றதுக்குள்ள தைக்கணும், பைண்டிங் பையன் ஊர்ல இல்ல.