எளிய வீடா, சாமான் வந்து சேராத வீடா? கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் எங்கிருந்து தொடங்குவது?

ஜன்னலோரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் போன மாதம்தான் சொந்த வீட்டுக்குக் குடிவந்தோம். சின்ன வீடு. 10க்கு 14 அடியில் ஹால், 10க்கு 10 அடியில் ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை, அவ்வளவுதான். சேர்த்து வைத்தது எல்லாம் வீட்டுக்கே போய்விட்டது. உள்ளே செய்துகொள்ள மிச்சம் இருப்பது ரொம்பக் கொஞ்சம், கடன் வாங்கி சோபா போடக் கூடாது என்று முன்பே இரண்டு பேரும் பேசி முடிவெடுத்துவிட்டோம்.

எங்கள் இருவருக்குமே சாமான் நிறைந்த வீடு பிடிக்காது. நடக்க இடம், உட்கார்ந்தால் நல்ல வெளிச்சம், கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு, இது போதும் என்று நினைத்துத்தான் வந்தோம். இப்போது இருப்பது தரையில் ஒரு மெத்தை, இரண்டு நாற்காலி, ஒரு மடக்கு மேசை, மூன்று பெட்டியில் துணிகள்.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "இன்னும் சாமான் வரலையா?" அதைக் கேட்டு வருத்தமெல்லாம் இல்லை, ஆனால் ராத்திரி ஹாலில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் தெரிகிறது. படங்களில் வருகிற எளிய வீடுகளிலும் கிட்டத்தட்ட இதே அளவு சாமான்தான் இருக்கிறது, எண்ணிக்கூடப் பார்த்துவிட்டேன், ஆனால் அவை நிறைவாக இருக்கின்றன, எங்கள் வீடு நாளைக்குக் காலி செய்யப்போகிற வீடு மாதிரி இருக்கிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இருக்கிற பணத்தை முதலில் எதில் போடலாம்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் கணவருக்குப் பழைய ரேடியோக்களைப் பிரித்துச் சரிசெய்கிற பழக்கம் உண்டு. பத்துப் பன்னிரண்டு அட்டைப்பெட்டி நிறையக் காயில், வால்வு, பெயர் தெரியாத சின்னச் சின்ன பாகங்கள். அதைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சொல்லவும் மாட்டேன். எளிய வீட்டில் இவற்றை எப்படி வைத்துக்கொள்வது?

நிலாமுற்றம் எழுதியது:

ஆறு வருடமாக இப்படித்தான் இருக்கிறோம், அதனால் உங்கள் கேள்வி நன்றாகப் புரிகிறது. நீங்கள் ராத்திரி என்று எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. பகலில் உங்கள் ஹால் அவ்வளவு மோசமாகத் தெரியாது, சரியா? அப்படியென்றால் முதல் குற்றவாளி விளக்கு.

கூரை நடுவில் ஒரே ஒரு வெள்ளை விளக்கு போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் 6500 கெல்வின், பெட்டியில் கூல் டேலைட் என்று எழுதியிருக்கும். சாமான் நிறைய இருக்கிற அறையில் அந்த வெளிச்சம் எதிலாவது பட்டு உடைந்துவிடும், காலியான அறையில் நாலு சுவரும் ஒரே வெளுப்பாக வெளுத்து, மூலைகள் எல்லாம் அப்பட்டமாகத் தெரியும். அதை அணைத்துவிட்டு 2700 அல்லது 3000 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல் வெளிச்சம் தருகிற விளக்கு இரண்டு மூன்றைத் தாழ்வான இடங்களில் வையுங்கள். உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று, எதிர்மூலையில் தரையிலேயே ஒன்று. ஒளி அங்கங்கே குளம் மாதிரி தேங்கி, நடுவில் கொஞ்சம் இருட்டும் இருந்தால்தான் வெற்றிடம் வேண்டுமென்றே விட்டது போலத் தெரியும். நிறங்கள் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் பெட்டியில் சிஆர்ஐ 90க்கு மேல் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எந்த மேசை நாற்காலியையும் விட இது மலிவான மாற்றம், இன்றைக்கே செய்துவிடலாம்.

இரண்டாவது ஒயர்கள். சிரிக்காதீர்கள், உண்மையாகவே சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஹால் சுவரில் ரவுட்டர் ஒன்று, அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் வளைந்து வந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏறும், அதன் பக்கத்தில் இரண்டு சார்ஜர் தொங்கும். முழு வெள்ளைச் சுவரில் கண் நேராக அங்கேதான் போய் நிற்கும். சுவர் நிறத்திலேயே பெயின்ட் அடித்த ஒரு சின்னப் பிளாஸ்டிக் ஒயர் பட்டைக்குள் எல்லாவற்றையும் விட்டு, சுவரும் தரையும் சேருகிற ஓரத்தோடு கொண்டுபோனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனது. அன்று சாயங்காலம் வந்தவர் "பெயின்ட் அடிச்சீங்களா?" என்று கேட்டார்.

மூன்றாவது, திரைச்சீலை. ஜன்னல் அளவுக்கே வெட்டித் தொங்கவிட்டால் சுவரில் கைக்குட்டை காயப்போட்ட மாதிரி இருக்கும். கம்பியைக் கூரைக்குக் கிட்டத்தில் ஏற்றுங்கள், இரண்டு பக்கமும் ஜன்னலைத் தாண்டி 15 முதல் 20 செ.மீ. நீளட்டும், துணி தரையைத் தொட ஒரு விரல் இடைவெளி இருக்கும்வரை இறங்கட்டும். துணியின் மொத்த அகலம் கம்பியின் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பு விழாது. விலை உயர்ந்த துணி தேவையே இல்லை, சாதாரணப் பருத்தித் துணியைத் தாராளமாக எடுத்தால் போதும்.

சாமான் வாங்குவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. எதை வாங்க நினைக்கிறீர்களோ அதன் அளவுக்குப் பழைய செய்தித்தாளை ஒட்டித் தரையில் விரித்து ஒரு வாரம் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். ஆள் நடக்கும் வழி 90 செ.மீ. இருக்க வேண்டும், சோபாவுக்கும் முன்னால் இருக்கும் சின்ன மேசைக்கும் நடுவில் 40 முதல் 45 செ.மீ. போதும். காகிதத்தை மிதித்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால் அந்தச் சாமான் அந்த இடத்துக்கு இல்லை.

உளிச்சத்தம் எழுதியது:

நான் மரவேலை செய்பவன். விளக்கு பற்றி நிலாமுற்றம் சொன்னது அத்தனையும் சரி. பணத்தை எதில் போடுவது என்று கேட்டீர்களே, அதற்கு நான் சொல்கிறேன்.

முதலில் மெத்தையைத் தரையிலிருந்து தூக்குங்கள். உடம்பின் ஈரம் மெத்தைக்குள் இறங்கும், அடியில் குளிர்ந்த தரையில் போக வழியில்லாமல் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். இப்போதே ஒரு மூலையைத் தூக்கித் தடவிப் பாருங்கள், சில்லென்று இருக்கும். பெரிய கட்டில் வேண்டாம். ஒரு கை உயரத்துக்குச் சட்டம் அடித்து, மேலே பட்டைப் பலகைகளை 7 செ.மீ.க்கு மேல் இடைவெளி விடாமல் அடுக்கினால் போதும். தலைமாட்டுப் பலகையும் தேவையில்லை. அறையும் பெரிதாகத் தெரியும்.

அடுத்தது துணி அலமாரி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். என் முதல் வீட்டில் நானே விலையைப் பார்த்து மயங்கிப் பார்ட்டிகிள் போர்டு அலமாரி ஒன்றை வாங்கினேன், குளியலறைச் சுவரை ஒட்டி வைத்தேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அடிவிளிம்பு ஊதிக் கதவு மூட மறுத்தது. கழற்றி வேறு இடத்தில் பூட்டலாம் என்றால் திருகு பழைய ஓட்டையில் பிடிக்கவில்லை. அந்தப் பலகை மரத்தூளைப் பசை போட்டு அழுத்தியது, ஒருமுறை போட்ட திருகை எடுத்துவிட்டால் அந்த இடம் உதிர்ந்துவிடும். எனவே வாங்கினால் 18 மி.மீ. ப்ளைவுட்டில் சட்டம், கதவு இல்லாமல், முன்னால் உங்கள் திரைச்சீலைத் துணியையே தொங்கவிடுங்கள். அலமாரிச் செலவில் கதவும் கீலும் கைப்பிடியும்தான் பெரிய பங்கைத் தின்றுவிடும். பிறகு கையில் பணம் வரும்போது அதே சட்டத்தில் கதவு மாட்டிக்கொள்ளலாம்.

ஒரு ப்ளைவுட் பலகை 8க்கு 4 அடி, அதாவது 244க்கு 122 செ.மீ. தொங்கவிடும் துணிக்கு 60 செ.மீ. ஆழம் வேண்டும், பலகையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் கச்சிதமாக அந்த அளவு கிடைத்துவிடும். புத்தக அடுக்குக்கு நாலாகப் பிளந்தால் ஒவ்வொன்றும் 30 செ.மீ. ஆகும். உங்கள் மனதில் 65 செ.மீ. என்று ஒரு எண் இருந்தால் பலகையில் பாதி வீணாகும், அந்த வீணுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். தச்சரிடம் போகும் முன்னால் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக்கொண்டு போங்கள். வெட்டிய விளிம்புகளை மட்டும் பட்டை ஒட்டி மூடாமல் விடாதீர்கள், தண்ணீர் உள்ளே போகிற வழி அதுதான்.

அடுக்கு நீளமாக வைக்க ஆசை வரும், படங்களில் அப்படித்தான் இருக்கும். அதே எடையை வைத்து நீளத்தை மட்டும் இரட்டித்தால் பலகை எட்டு மடங்கு தொய்யும். 18 மி.மீ. பலகைக்கு 80 செ.மீ.க்கு ஒரு தாங்கி கொடுங்கள்.

பழைய மரச்சாமான் கிடைத்தால் தயங்காமல் பாருங்கள். இழுப்பறையை வெளியே எடுத்து மூலையைப் பாருங்கள், பல் பல்லாகக் கோத்திருந்தால் அது இன்னும் பல வருடம் வரும். மெத்தை வைத்த சாமான் என்றால் தையல் இடுக்குகளில் கறுப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மூட்டைப்பூச்சியாக இருக்கலாம், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சரக்கு ஏற்றும் மரத்தட்டில் மேசை செய்பவர்கள் அதில் சூடு போட்ட முத்திரையைப் பார்க்க வேண்டும். எச்.டி. (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, வீட்டுக்குள் கொண்டு வரலாம். எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடவே வேண்டாம்.

சாதாரணப் பலகையில் செய்தால் தரித்திரமாகத் தெரியுமோ என்ற பயமே வேண்டாம். 1934ல், பொருளாதார மந்தக் காலத்தில், கெரிட் ரீட்வெல்ட் என்ற டச்சு வடிவமைப்பாளர் சரக்குப் பெட்டி செய்யும் மலிவான பலகையிலேயே நாற்காலியும் மேசையும் வடிவமைத்தார். திருகுத் தலையைக்கூட மறைக்கவில்லை. பலகைகள் எல்லாம் ஒரே அகலம், ஒரே நேர்கோடு, அதுதான் அதன் அழகு. உங்கள் வீட்டிலும் ஒரே வகை மரநிறத்தைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம்தளம் எழுதியது:

மேலே இருவரும் கண்ணுக்குச் சொன்னார்கள், நான் காதுக்குச் சொல்கிறேன். நாங்கள் அளவுக்கு மீறிக் காலி செய்தோம். ஹாலில் ஒரு வார்த்தை பேசினால் சுவரில் மோதித் திரும்பி வரும், போனில் பேசுகிறவர்கள் "எங்கே இருக்கே, குளியலறையிலா?" என்று கேட்பார்கள். நாலைந்து மாதத்தில் எங்கள் வீட்டில் எனக்கே தங்கப் பிடிக்கவில்லை, ஏன் என்று கண்டுபிடிக்க அதன்பிறகும் கொஞ்ச நாள் ஆனது. தடித்த தரைவிரிப்பு ஒன்றைப் போட்டு, நிலாமுற்றம் சொன்ன மாதிரி முழு நீளத் திரைச்சீலையும் தொங்கவிட்ட பிறகுதான் குரல் அடங்கியது. "காலி செய்யப்போகிற வீடு மாதிரி" என்று எழுதினீர்களே, அந்த உணர்வில் சத்தத்துக்கும் பங்கு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஹால் நடுவில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள்.

ரேடியோ விஷயத்தில் உங்கள் மனசு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. என் வீட்டுக்காரர் புத்தகம் விஷயத்தில் இதே மாதிரி. ஆரம்பத்தில் நான் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன், இருவருக்கும் மனவருத்தம் வந்ததுதான் மிச்சம். அப்புறம் ஒரு சுவரை முழுதாக அவருக்குக் கொடுத்துவிட்டேன். தரையிலிருந்து கூரைவரை அந்தச் சுவர் அவருடையது, அதில் நான் ஒரு பொருளையும் நகர்த்த மாட்டேன், அந்தச் சுவரை விட்டு வெளியே ஒரு புத்தகமும் வராது. மற்ற மூன்று சுவரும் வெறுமையாக இருப்பதால் அந்த ஒரு சுவரின் நெருக்கம் பார்க்க நன்றாகவே இருக்கிறது.

பாகங்களுக்கு அட்டைப்பெட்டி வேண்டாம். ஒரே அளவில், ஒரே நிறத்தில் மூடி போட்ட பெட்டிகள், முகப்பில் அவர் கையெழுத்திலேயே சீட்டு. சரிசெய்து முடித்த ரேடியோ ஒன்றை மட்டும் வெளியே வையுங்கள், அதன் பக்கத்தில் வேறு எதையும் வைக்காதீர்கள்.

இன்னொன்று. அமெரிக்காவில் ஷேக்கர் என்ற மதக்குழுவினர் அறையைச் சுற்றிச் சுவரில் ஒரு மரப்பட்டை அடித்து அதில் வரிசையாக முளை வைத்தார்கள். துணி, துடைப்பம், நாற்காலிகூட அதில் தொங்கின, தரையைப் பெருக்க வசதி. உங்கள் ஹாலில் வாசல் பக்கம் அப்படி ஒரு பட்டை போட்டால் பை, சாவி, குடை எல்லாம் மேசைக்கு வராது. உங்கள் நாற்காலி இரண்டும் அங்கேயே தொங்கட்டும்.

ஜன்னலோரம் எழுதியது:

எல்லோருக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. நாலு நாள் கழித்து எழுதுகிறேன், ஏனென்றால் செய்து பார்த்துவிட்டு வர வேண்டும் என்று இருந்தது.

நடு விளக்கை அணைத்துவிட்டு 2700 கெல்வினில் இரண்டு விளக்கு வைத்தோம், ஒன்று தரையில். அன்று ராத்திரி நாங்கள் இருவரும் ஹாலிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம், ஒரு பொருளும் புதிதாக வரவில்லை, ஆனால் முதல்முறையாக வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தது. மெத்தையைத் தூக்கிப் பார்த்தோம், அடியில் தலைமாட்டுப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகப் புள்ளி விழ ஆரம்பித்திருக்கிறது. வெயிலில் போட்டுத் துடைத்தாகிவிட்டது, பணத்தில் முதல் பங்கு இனி அதற்குத்தான்.

மூன்று பேர் உட்காரும் சோபாவின் அளவுக்குச் செய்தித்தாளை விரித்தோம். இரண்டாவது நாளே கிழிந்துவிட்டது, பால்கனிக் கதவுக்குப் போகிற வழியில் இருவரும் மிதித்துக்கொண்டே இருந்தோம். சோபா வேண்டாம் என்று முடிவு. ஜன்னலுக்குக் கீழே 45 செ.மீ. உயரத்தில் நீள பெஞ்சு ஒன்று, மேலே மெத்தைத் திண்டு, அடியில் அவருடைய பெட்டிகள். சுவர் முழுக்க வேண்டாம், பெஞ்சுக்கு அடியில் இடம் போதும் என்று அவரே சொன்னார், அளந்தும் பார்த்துவிட்டார்.

உளிச்சத்தம் அண்ணா, பெஞ்சு நீளம் 240 செ.மீ. நடுவில் எத்தனை தாங்கி வேண்டும்?

உளிச்சத்தம் எழுதியது:

இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, நடுவில் இரண்டு, அப்போது 80 செ.மீ.க்கு ஒன்று வந்துவிடும். ஆள் உட்காரும் இடம் என்பதால் முன்விளிம்புக்கு அடியில் 5 செ.மீ. அகலப் பட்டை ஒன்றை நிறுத்திவைத்து நீளவாக்கில் ஒட்டித் திருகிவிடுங்கள், தொய்வு வராது. தாங்கிகள் போக மூன்று அறை கிடைக்கும், பெட்டியை வாங்குவதற்கு முன்னால் அந்த அறையின் உள் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். தாங்கியின் கனம் போக 76, 77 செ.மீ.தான் இருக்கும்.