பழைய கார்பன் ஸ்டீல் கத்தி உண்மையிலேயே நன்றாக வெட்டுகிறதா?

பழங்கத்தி எழுதியது:
பத்து அங்குல நீளமுள்ள பழைய பிரெஞ்சுக் கத்தி ஒன்றை மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அலகு முழுவதும் சாம்பலும் நீலமுமாகக் கறுத்திருக்கிறது. கைப்பிடி மரம் சற்றே சுருங்கியதில் ஆணித் தலைகள் விரலில் தட்டுப்படுகின்றன. ஆனால் சாணைக்கல்லில் பத்து நிமிடம் தேய்த்ததும், பல ஆண்டுகளாக நான் வைத்திருக்கும் எவர்சில்வர் கத்திக்கு ஒருபோதும் வராத கூர்மை இதற்கு வந்துவிட்டது. காரணம் உலோகத்திலேயே இருக்கிறது என்பது என் கருத்து. கார்பன் ஸ்டீலில் இரும்பும் கார்பனும் கூடி உருவாகும் இரும்புக் கார்பைடுத் துகள்கள் நுண்ணியவை, கல்லுக்கு இணங்கித் தேய்பவை. துருப்பிடிக்காத எஃகிலோ குரோமியம் கார்பனோடு கூடிப் பெரிய, மிகக் கடினமான துகள்களை உண்டாக்குவதால், கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மெல்லியதாகத் தீட்டப்படும்போது அத்துகள்கள் பெயர்ந்து விழுந்து குழிகளை விட்டுச் செல்கின்றன. ஆகவே பழைய கத்திகளைத் தேடி அலைபவர்களைப் பழமைப் பித்தர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

துருப்பகை எழுதியது:
நீங்கள் சொல்வது துருப்பிடிக்காத எஃகின் குழந்தைப் பருவத்துக்குப் பொருந்தும். 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல்களின் உட்புறம் அரிக்கப்படுவதைத் தடுக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது வார்த்த எஃகில் குரோமியம் 12.8 விழுக்காடு இருந்தது. எஃகைக் கடினமாக்கும் கார்பனோ வெறும் 0.24 விழுக்காடுதான். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரை அன்று கேலி செய்தார்கள். அந்தக் கேலியை இன்றுவரை நம்பிக்கொண்டிருப்பதுதான் எனக்கு வியப்பளிக்கிறது. காலையில் முகம் மழிக்கும் பிளேடு எதனால் ஆனது என்று பாருங்கள். 1960-களிலிருந்து சவர பிளேடுகள் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறிவிட்டன. சவர பிளேடுகளுக்கென்றே உருவான ஏ.இ.பி.-எல் என்னும் எஃகில் குரோமியம் ஏறத்தாழ 13 விழுக்காடும் கார்பன் 0.67 விழுக்காடும் இருக்க, கார்பைடுகளோ மிக நுண்ணியவையாகவே இருக்கின்றன. அதே எஃகில் இன்று சமையலறைக் கத்திகளும் செய்யப்படுகின்றன.

இன்னொன்றும் உண்டு. நம் கைக்கு வந்து சேரும் பழைய கத்திகள் எஞ்சியவை மட்டுமே. அக்காலத்து மட்டமான கத்திகள் வளைந்தும் உடைந்தும் துருவேறியும் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. எஞ்சியதை வைத்து ஒரு காலம் முழுவதையும் எடைபோடுவது எந்த வகையில் நியாயம்?

சாணைக்காரன் எழுதியது:
இருவரும் உலோகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கத்தியின் தடிமனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கத்தி ஒரு பொருளுக்குள் இறங்குவதைத் தீர்மானிப்பது வாயின் கூர்மை மட்டுமன்று. வாய்க்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெல்லியது என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது. பழைய பிரெஞ்சுக் கத்திகளில் முதுகு கைப்பிடியருகே தடித்துத் தொடங்கி நுனி நோக்கி மெலிந்துகொண்டே போகும். பக்கங்களும் வாய்வரை மெல்லியதாக இழைக்கப்பட்டிருக்கும். பிரான்சின் தியேர் நகரில், டுரோல் ஆற்று நீரால் சுழன்ற சாணைகளுக்கு மேலே பலகையில் குப்புறப் படுத்தபடி இந்த வேலையைச் செய்தார்கள். (குளிருக்கு இதமாக நாயைத் தங்கள் கால்கள் மேல் படுக்க வைத்துக்கொள்வார்களாம், கத்தி பற்றிய செய்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.) அலகை அச்சில் வெட்டியெடுத்து, சீரான தடிமனோடு விற்கும் இன்றைய மலிவான கத்தியோடு இதை ஒப்பிட்டுவிட்டு, பெருமையெல்லாம் கார்பனுக்கே என்று சொல்வது பொருந்தாது.

பழங்கத்தி எழுதியது:
சவர பிளேடு பற்றிய வாதத்தை ஏற்கிறேன். ஆனால் கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் ஐரோப்பிய எவர்சில்வர் கத்திகள் அந்த எஃகில் செய்யப்படுவதில்லை, ஏறத்தாழ 0.5 விழுக்காடு கார்பனும் 15 விழுக்காடு குரோமியமும் கொண்ட, சற்றே மென்மையான எஃகில் செய்யப்படுகின்றன. கல்லில் தேய்க்கும்போது அதன் வாயில் எழும் மெல்லிய உலோகப் பிசிறு உதிர மறுத்து, இப்பக்கம் தேய்த்தால் அப்பக்கமும் அப்பக்கம் தேய்த்தால் இப்பக்கமும் மடங்குகிறது. கார்பன் ஸ்டீலில் பிசிறு சட்டென உதிர்ந்துவிடுவதால், தீட்டப் பழகுகிறவன் கூட ஒரே மாலையில் பலனைக் காண்கிறான். தானே தீட்டிக்கொள்ளக்கூடிய கத்தி என்பதுதான் இதன் முதல் கவர்ச்சி.

துருவைப் பற்றி நீங்கள் இன்னும் பேசவில்லை. பேசுவீர்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன். அலகில் படியும் கரும்படலம், சிவப்புத் துருவைப் போல உதிர்ந்து உள்ளே அரித்துக்கொண்டு போவதில்லை. உலோகத்தோடு ஒட்டி நின்று மேலும் துருப்பிடிப்பதைத் தாமதப்படுத்துகிறது.

துருப்பகை எழுதியது:
தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான், தடுப்பதில்லை. ஈரத்தோடு ஓர் இரவு கிடந்தால் கரும்படலத்தின் மேலேயே சிவப்புப் புள்ளிகள் தோன்றும். அப்படலம் ஊறிப் படியும்வரை எலுமிச்சையை நறுக்கினால் இரும்பு வாடை வரும். வெங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் இரும்போடு வினைபுரிந்து நறுக்கிய துண்டுகளையே கறுக்கச் செய்யும். சமைத்துக்கொண்டே கத்தியைத் துடைத்துக்கொண்டும் இருக்க வேண்டியவர், தாம் கத்திக்குப் பணிவிடை செய்வதை ஒப்புக்கொள்ள மறுப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

புதுவரவு எழுதியது:
நான் இதுவரை ஒரு பழைய கத்தியும் வாங்கியதில்லை. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்ல இயலுமா?

சாணைக்காரன் எழுதியது:
மேற்பரப்புத் துருவுக்கு அஞ்ச வேண்டாம். வாயருகே ஆழமான குழிகள் இருந்தால் விட்டுவிடுங்கள். வாயைச் சமமான பலகையில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். கைப்பிடியும் அலகும் சேரும் தடித்த கழுத்து வாய்வரை இறங்கியிருக்கும் கத்திகளில், பல ஆண்டுகள் தீட்டியதில் வாய் தேய்ந்து கழுத்து மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் வாய் பலகையைத் தொடாது. சரிசெய்யக் கழுத்தையும் இழைக்க வேண்டும்.

இதைவிட மோசமானது பதம் போன கத்தி. இவ்வகைக் கத்திகளைக் கடினமாக்கிய பிறகு சுமார் 200 டிகிரி செல்சியஸில் பதப்படுத்துவார்கள். மின்சாணையில் அழுத்திப் பிடித்து 300 டிகிரியைத் தொட்டுவிட்டால் அந்த இடம் நீலமாகி மென்மையாகிவிடும். நீலத்தை மெருகேற்றி மறைத்துவிடலாம். மென்மையை மறைக்க முடியாது. அரத்தின் முனையை வாயருகே மெல்ல இழுத்துப் பாருங்கள்: நல்ல பதமுள்ள இடத்தில் வழுக்கும், பதம் போன இடத்தில் கடிக்கும்.

பெயரை நம்பி ஏமாறாதீர்கள். பிரெஞ்சுக் கத்திகளில் காணும் சபாத்தியே என்பது ஒரே தொழிற்சாலையின் பெயரன்று. பலர் அப்பெயரைப் பொறித்திருக்கிறார்கள். ஆங்கிலக் கத்தியில் இங்கிலாந்து என நாட்டுப் பெயர் பொறித்திருந்தால் அது பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டது; இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890-இல் இயற்றிய அமெரிக்கச் சுங்கச் சட்டமே காரணம்.

பழங்கத்தி எழுதியது:
சாணைக்காரர் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்ததால் இரண்டு கத்திகளையும் அளந்து பார்த்தேன். வாயிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் மேலே பழைய கத்தியின் தடிமன் 0.5 மில்லிமீட்டர், எவர்சில்வர் கத்தியில் 1.1. இரண்டு மடங்குக்கும் மேலான இந்த வேறுபாட்டை மூன்று மாதங்களாக உலோகத்தின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

துருப்பகை எழுதியது:
அப்படியானால் எவர்சில்வர் கத்தியையும் அதே அளவுக்கு மெலிதாக்கி, இரண்டாலும் வெட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை தீர்ப்பு வேண்டாம்.

பழங்கத்தி எழுதியது:
நேற்று மாலை சொரசொரப்பான கல்லில் தொடங்கினேன். மூன்று மணி நேரம் ஆகியும் ஒரு பக்கம்கூட முடியவில்லை. என் கல்தான் நடுவில் பள்ளமாகிவிட்டது.