பழைய நான்கு சிபியு சர்வர்: கேபிளைச் சொருகினாலே ஆர்சிசிபி விழுகிறது, வீட்டு லைன் தாங்காதா?

தூக்கணாங்குருவி:

வணக்கம். ஓர் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய எச்பி புரோலயன்ட் டிஎல்580 ஜி7 சர்வர் என் கைக்கு வந்திருக்கிறது. நான்கு ஸியான் இ7-4870 சிபியு, 8 ஜிபி ரேம் 32 துண்டுகள், பின்பக்கம் நான்கு பவர் சப்ளை. மேசைமேல் ஏற்றவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. விர்ச்சுவல் மெஷின்களை (ஒரே கணினிக்குள் மென்பொருளால் ஓடும் தனித்தனிக் கணினிகள்) வைத்துப் பழக வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

சப்ளை ஒவ்வொன்றிலும் 1200 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. நான்குக்கு 4800 வாட், 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 21 ஆம்பியர். வயரிங் பார்க்க வந்தவர், த்ரீ ஃபேஸ் இழுக்காமல் இதை ஓட்டவே முடியாது என்று சொல்லிவிட்டார்.

நேற்று சுவரில் உள்ள மூன்று பின் சாக்கெட்டிலிருந்து ஒவ்வொரு கேபிளாகச் சொருகினேன். முதலாவது, இரண்டாவது வரை ஒன்றும் இல்லை. மூன்றாவதைச் சொருகிய கணமே மெயின் போர்டில் உள்ள பாதுகாப்பு சுவிட்சான ஆர்சிசிபி விழுந்து மொத்த வீடும் இருட்டாகிவிட்டது. பவர் பட்டனைத் தொடக்கூட இல்லை. ஆனால் போன வாரம் ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நான்கையும் சொருகி இரண்டு மணி நேரம் ஓட்டினேன், அப்போது எதுவும் விழவில்லை. உண்மையாகவே என் வீட்டு லைன் இதைத் தாங்காதா?

செப்புக்கம்பி:

முதலில் அந்த 4800ஐ மறந்துவிடுங்கள். ஸ்டிக்கரில் இருப்பது அந்த சப்ளை அதிகபட்சம் கொடுக்கக்கூடிய அளவு, அது எப்போதும் இழுக்கும் அளவு இல்லை. நான்கு வைத்திருப்பதும் நான்கு மடங்கு மின்சாரம் வேண்டும் என்பதற்காக இல்லை. ஒன்று செத்தாலும், ஒரு பக்கத்து லைன் போனாலும் வேலை நிற்கக்கூடாது என்பதற்காக. லோடு நான்கிலும் பகிர்ந்து ஓடும்.

இ7-4870 ஒன்றுக்கு 130 வாட், நான்குக்கு 520. ரேம், மதர்போர்டு, விசிறிகள், டிஸ்க் எல்லாம் சேர்த்து, முழு வேலை கொடுத்தாலும் 1000 வாட் பக்கத்தில்தான் நிற்கும் என்பது என் கணிப்பு. 230 வோல்ட்டில் அது நாலரை ஆம்பியர்கூட இல்லை. சிங்கிள் ஃபேஸே தாராளம். ஸ்டிக்கரை இன்னொரு முறை பாருங்கள்: 200 முதல் 240 வோல்ட்டில்தான் 1200 வாட், 120 வோல்ட்டில் 900, 100 வோல்ட்டில் 800.

அப்புறம், ஆர்சிசிபி லோடு அதிகமானால் விழுவதில்லை. அது எம்சிபி என்ற இன்னொரு சுவிட்சின் வேலை. ஃபேஸில் போகும் மின்சாரம் நியூட்ரலில் அப்படியே திரும்புகிறதா என்பதை மட்டும்தான் ஆர்சிசிபி பார்க்கிறது. உங்களுக்கு நடப்பது கசிவு. அந்தப் பழைய பாக்ஸில் விழவில்லை என்றால், எனக்கு அந்த பாக்ஸ்மேல்தான் சந்தேகம். அப்போது சர்வரைத் தொட்டபோது ஏதாவது தெரிந்ததா?

தூக்கணாங்குருவி:

ஆமாம் அண்ணா, சொல்ல விட்டுவிட்டேன். பெட்டியின் ஓரத்தில் மணிக்கட்டு உரசியபோது எறும்பு ஊறுவதுபோல இருந்தது. உலோகத்தின் குளிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டுவீடு:

எனக்கும் பழைய சர்வரில் இதே தொல்லை இருந்தது. கேபிளில் எர்த் பின்னைக் கழற்றினேன், ஆர்சிசிபி அதன்பின் விழவே இல்லை. முயன்று பாருங்கள்.

செப்புக்கம்பி:

தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம். ஓட்டுவீடு, உங்கள் சர்வரிலும் இன்றைக்கே எர்த்தைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு சப்ளையின் வாயிலும் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்து பெட்டிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு ஒன்று என்று சிறு கெபாசிட்டர்கள் இருக்கும். எர்த் இருந்தால் அந்த வழியாக ஒரு மில்லியம்பியர் சொச்சம் சத்தமில்லாமல் இறங்கிவிடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி முழுக்க 230இல் பாதி, 115 வோல்ட் வாக்கில் மிதக்கும். தூக்கணாங்குருவிக்கு எறும்பு ஊறியது அதுதான். அதோடு, சப்ளைக்குள் இன்சுலேஷன் கெட்டிருந்தால் ஊறலோடு நிற்காது. எர்த்தைக் கழற்றியதும் ஆர்சிசிபி விழாமல் இருப்பதற்குக் காரணம், கசிவு இறங்க வழி இல்லாமல் போனது. அடுத்து யார் தொடுகிறாரோ அவர்தான் வழி.

30 மில்லியம்பியர் ஆர்சிசிபி என்றால் 15 வரை விழக்கூடாது, 30க்குள் விழுந்தாக வேண்டும். நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். வீட்டில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மற்ற கணினிகள் எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே சில மில்லியம்பியர் கசிந்துகொண்டிருக்கும். நல்ல நிலையில் உள்ள நான்கு சப்ளைகள் சேர்ந்து விளிம்பைத் தாண்டினவா, அல்லது ஒன்று மட்டும் கெட்டதா என்பதைப் பிரிக்க வேண்டும். சர்வரை நிறுத்தி, நான்கு கேபிளையும் எடுத்துவிட்டு, எர்த் உள்ள சாக்கெட்டில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சப்ளைக்கு மட்டும் கேபிள் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். எது விழவைக்கிறதோ அதை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றி மறுபடி பாருங்கள்.

தூக்கணாங்குருவி:

செய்துவிட்டேன். முதலாவது, இரண்டாவது, நான்காவது சப்ளைகள் தனித்தனியாகச் சரி. மூன்றாவது மட்டும், தனியாகக் கொடுத்தாலும் டப்பென்று விழவைக்கிறது. நான்காவது ஸ்லாட்டில் வைத்தேன், அங்கேயும் அதேதான். வெளியே இழுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். விசிறிக் கம்பிகளுக்குப் பின்னால் சாம்பல் நிறத் தூசி பஞ்சுபோல அடைந்திருக்கிறது, கேபிள் வாய்க்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு கறை. மற்ற மூன்றையும் சேர்த்துச் சொருகினேன், ஆர்சிசிபி நிற்கிறது.

அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் திறந்தேன். பச்சை வயர் எதிலும் மாட்டாமல், நுனியில் தோல்கூட உரிக்காமல், மூலையில் சுருண்டு கிடந்தது. இரண்டு மணி நேரம் அதில்தான் ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் கை நடுங்குகிறது. பக்கத்தில் என் பெண் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டுவீடு:

என் கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மூன்று பின் கேபிள் மாட்டியாகிவிட்டது, ஆர்சிசிபி மறுபடி விழுகிறது. நானும் ஒவ்வொரு சப்ளையாகச் சோதித்துவிட்டு வருகிறேன். தவறாகச் சொன்னதற்கு மன்னிக்கவும்.

அடுக்குச்செம்பருத்தி:

தூக்கணாங்குருவி, இனி இரண்டு சப்ளை மட்டும் வைத்து ஓட்டுங்கள், நான்காவதை உதிரியாக வைத்துக்கொள்ளலாம். சும்மா இருக்கும்போது 500 வாட் இழுக்கிறது என்றால், நான்கில் பகிர்ந்தால் சப்ளைக்கு நூற்றுச் சொச்சம், அதாவது அதன் திறனில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு குறைந்த லோடில் சப்ளைகள் பொதுவாக அவ்வளவு திறம்பட ஓடாது, கூடுதலாகக் கொஞ்சம் வெப்பமாகப் போகும். இரண்டாக்கினால் 20 சதவீதத்துக்கு மேலே வந்துவிடும். காலியான இடங்களில் மூடி போடுங்கள், இல்லாவிட்டால் காற்றோட்டம் கெடும்.

துவங்கும்போது எஃப்9 அழுத்தி பவர் ப்ரொஃபைலை மினிமம் பவர் யூசேஜ் என்று மாற்றுங்கள். அப்புறம் ஒரு வாட் மீட்டர் வைத்து அளந்து எழுதுங்கள். கணிப்பைவிட அளவு நல்லது.

தூக்கணாங்குருவி:

இரண்டு சப்ளைகளுக்கும் சேர்த்து வாட் மீட்டர் காட்டியது: நிறுத்தி வைத்து கேபிள் மட்டும் இருக்கும்போது 28 வாட். ஆன் செய்ததும் விசிறிகள் முழு வேகத்தில் அலறும்போது 640 வரை ஏறி இறங்கியது. சும்மா இருக்கும்போது 455. நாற்பது கோரிலும் வேலை கொடுத்தால் 930.

455 என்றால் நாள் முழுக்க ஓடினால் 11 யூனிட், மாதம் 330 யூனிட்டுக்கு அருகில். இது எனக்குக் கட்டுப்படியாகாது. படிக்க உட்காரும் நேரத்துக்கு மட்டும் ஆன் செய்வதாக முடிவு. நிறுத்தியபின் சாக்கெட் சுவிட்சையும் அணைத்தால் அந்த 28 வாட்டும் மிச்சம்.

கடைசியாக ஒன்று. மின்சாரம் போனால் திடீரென்று விழாமல் இருக்க யுபிஎஸ் வேண்டும். கணினிக்கு வைத்திருக்கும் 1000 விஏ போதுமா?

அடுக்குச்செம்பருத்தி:

போதாது. விஏ வேறு, வாட் வேறு. சிறிய 1000 விஏ யுபிஎஸ் பலவற்றில் பின்னால் பார்த்தால் 600 வாட் என்றுதான் போட்டிருக்கும். உங்களுக்கு 930 வேண்டும். ஒரு சப்ளை யுபிஎஸ்ஸில், இன்னொன்று நேராகச் சுவரில் என்று பிரித்தாலும் பாதி யுபிஎஸ் போதும் என்று நினைக்காதீர்கள். மின்சாரம் போன கணத்தில் முழு லோடும் யுபிஎஸ் பக்கம் சாயும்.

அதோடு இந்த சப்ளைகளில் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தை வோல்டேஜ் அலைக்கு ஏற்ப சீராக இழுக்கும் சுற்று) இருக்கிறது. படிப்படியாக வெட்டிய அலை தரும் மலிவான யுபிஎஸ்ஸில் மாறும்போது சில நேரம் அப்படியே அணைந்துவிடும். ப்யூர் சைன் வேவ், அதாவது வெட்டு இல்லாத சீரான அலை, என்று எழுதியதையே வாங்குங்கள். 1500 விஏ, குறைந்தது 1200 வாட்.

செப்புக்கம்பி:

கெட்டுப்போன அந்த மூன்றாவது சப்ளையைச் சுத்தம் செய்து பார்க்கலாம் என்று திறந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் 400 வோல்ட் அளவில் சார்ஜ் ஆகியிருக்கும், கேபிளை எடுத்தபின்னும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்து வைத்திருக்கும்.

தூக்கணாங்குருவி:

திறக்கவில்லை அண்ணா. கேபிள் வாய்க்குக் குறுக்கே டேப் ஒட்டி, கசிவு, சொருகாதே என்று எழுதி, மின்னணுக் கழிவுக்குப் போகும் பெட்டியில் போட்டுவிட்டேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அதில்தான்.