தனிப்பிரிவுக்கு மனுப் போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எங்கள் பின்வீட்டு அப்பத்தாவுக்கு முதியோர் உதவித்தொகை போன வருடம் திடீரென்று நின்றுபோனது. மாதம் 1,200 ரூபாய். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் பாத்திரம் தேய்த்தே முதுகு கூனிப்போனவர். மருந்துக் கடைக் கணக்கு அந்தப் பணத்தில்தான் ஓடியது. வருவாய்த் துறை அலுவலகத்துக்கு மூன்று தடவை கூட்டிக்கொண்டு போனேன். "பார்க்கிறோம், போங்க." அவ்வளவுதான்.

சரி என்று முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு ஆன்லைனில் மனுப் போட்டேன். "கோட்டையிலேருந்து போன் வருமாய்யா?" என்று அப்பத்தா தினமும் முகப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்பார். நானும் அப்படித்தான் ஏதோ நடக்கும் என்று நம்பினேன்.

மனு கலெக்டர் அலுவலகம் வந்து, கோட்டாட்சியர், தாசில்தார் என்று இறங்கி, கடைசியில் நாங்கள் போய் நின்ற அதே மேசைக்கே வந்தது. பார்த்ததும் வயிறு எரிந்தது. ஆனால் இந்தத் தடவை அதற்கு ஒரு எண் இருந்தது. என்ன செய்தோம் என்று அவர்கள் மேலே பதில் எழுதியாக வேண்டும். அந்த வாரமே கூப்பிட்டு, வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது என்றார்கள். சரிசெய்தோம், பணம் வந்தது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எண்பது வயதுக் கிழவி வெயிலில் அத்தனை தடவை பஸ் ஏறியிருக்க வேண்டாம். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

* * *

மனுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தம்பி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் மனு அதே மேசைக்கு வந்ததில் தவறில்லை. உத்தரவு போடும் அதிகாரம் வருவாய்த் துறையிடம்தான் இருக்கிறது. யாரிடம் போனது, பதில் வந்ததா என்று மேலிருந்து கேட்பார்கள். 2021-இல் தனிப்பிரிவையும் 1100 உதவி எண்ணையும் 'முதல்வரின் முகவரி' என்ற ஒரே துறைக்குள் கொண்டுவந்தார்கள். முதல்வர் அலுவலகத்தில் நம் கண்ணில் படுவது இந்த மனு வாசல் மட்டும். உள்ளே, முதல்வரின் செயலாளர்களான ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் துறைகளைப் பிரித்துக்கொண்டு, கோப்புகளைப் படித்து அவர் முன் வைப்பார்கள்.

காரணம் சொல்லாமல் மனுவை முடித்துவிட்டால், பழைய எண்ணைக் குறிப்பிட்டுத் திரும்பவும் போடுங்கள்.

* * *

எங்கள் அப்பச்சி பட்டா பெயர் மாற்றத்துக்கு எழுதியபோது 'செட்டிநாடு' என்று போட்டு மாவட்டத்தை விட்டுவிட்டார். செட்டிநாட்டு ஊர்களிலேயே கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது, எங்கள் கோனாபட்டு புதுக்கோட்டை மாவட்டத்தில். மனு பக்கத்து மாவட்டத்துக்குப் போய்த் திரும்பவே இரண்டு மாதம் ஆனது. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் நாலையும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.