அம்மா நெஞ்செரிவுக்குக் கல்சியம் குளிசை தினமும் 5, 6 சப்புகிறார், பரவாயில்லையா?

வாவிக்கரை:
நாங்கள் களுவாஞ்சிக்குடிப் பக்கம். அம்மாவுக்கு 58 வயது. இரவில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நெஞ்சு எரியுது, புளிச்ச ஏவறை தொண்டை வரைக்கும் வருது என்பார். சித்தி கனடாவிலிருந்து வரும்போது பழ வாசனை போட்ட கல்சியம் காபனேற்று குளிசை ஒரு பெரிய போத்தல் கொண்டுவந்து கொடுத்தா, அன்றிலிருந்து அதுதான் தஞ்சம். சேலைத் தலைப்பில் வெற்றிலையோடு சேர்த்து முடிந்து வைத்திருக்கிறார். விடிய தைரொயிட்டுக்கான தைரொக்சின் குளிசை போட்டு அரை மணித்தியாலத்தில் பிளேன்ரீ, ரீ குடித்ததும் எரியுது என்று அதில் இரண்டு. கல்சியம்தானே, எலும்புக்கும் நல்லது என்கிறார். உண்மையா?

கல்லடிப் பொடியன்:
இரவுச் சாப்பாட்டை 7 மணிக்கு முடிக்கச் சொல்லுங்க. எங்கட வீட்டில் 10 மணிக்குப் பிட்டும் இறால் குழம்பும் தின்றுவிட்டு உடனே பாயை விரிப்பதுதான் பிரச்சினையே.

பாமசித் தம்பி:
அக்கரைப்பற்றில் பாமசியில் நிற்கிறேன், இதே கேள்வி கிழமைக்கு நாலு பேராவது கேட்பார்கள். இந்தக் குளிசை வயிற்று அமிலத்தோடு சேர்ந்து அதைத் தணிக்கும், அப்போது காபனீரொட்சைட்டு வருவதால்தான் போட்டதும் ஏவறை. சில நிமிடத்தில் சுகம் தெரியும், ஆனால் வெறும் வயிற்றில் போட்டால் ஒரு மணித்தியாலம்கூட நிற்காது, எரிவு திரும்ப வரும், திரும்பப் போடுவார்கள். இடைக்கிடை போட நல்ல மருந்து, மாதக்கணக்கில் போட அல்ல. அப்புறம், போத்தலில் ஒரு குளிசை எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள்.

வாவிக்கரை:
750 என்று இருக்கு.

பாமசித் தம்பி:
அதில் 40 வீதம் கல்சியம், அதாவது 300 மில்லிகிராம். ஆறு போட்டால் 1800. ஐம்பது தாண்டியவர்களுக்குச் சாப்பாடு, குளிசை எல்லாம் சேர்த்து ஒரு நாள் உச்ச எல்லையே 2000தான், அம்மா தயிரும் நெத்தலியும் தின்னாமலா இருக்கிறார்? வெற்றிலைச் சுண்ணாம்பும் கல்சியம்தான், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரத்தத்தில் கல்சியம் கூடினால் மலச்சிக்கல், ஓங்காளம், களைப்பு என்று தொடங்கிச் சிறுநீரகத்தில் போய் நிற்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் தைரொக்சின். கல்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சரியாகச் சேர விடாது. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 4 மணித்தியாலம் வேணும், அம்மா அரை மணித்தியாலம்தான் விடுகிறார். இரும்புச்சத்துக் குளிசைக்கும் சிப்ரோபுளொக்சசின் போன்ற சில அன்டிபயோட்டிக்குக்கும் இதே சிக்கல்தான்.

வாவிக்கரை:
ஐயோ. போன கிளினிக்கில் இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். கூடிப்போச்சு, அதாவது தைரொயிட் சுரப்பு போதவில்லை என்று தைரொக்சினை 75 இலிருந்து 100 ஆக்கினார்கள். நாங்கள் இந்தக் குளிசையைப் பற்றி மூச்சே விடவில்லை, அதை மருந்தென்றே நினைக்கவில்லையே.

ஆரையம்பதி அக்கா:
அதுதான் காரணம் என்று நீங்களே முடிவுகட்டி, பழையபடி 75 கொடுக்க வேண்டாம் தங்கச்சி. போத்தலையே கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்க. எரிவு கிழமைக்கு இரண்டு மூன்று நாள் வருமென்றால் ஒமேப்ரசோல் மாதிரி வேறு மருந்து எழுதக்கூடும், அதை விடியச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திப் போட வேணும். அதுவும் தைரொக்சின் சேர்வதைக் கொஞ்சம் குறைக்கலாம், அதனால் இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்க. விழுங்கக் கஷ்டம், கறுப்பு மலம், காரணமில்லாமல் மெலிவது, இதில் ஒன்று இருந்தாலும் பிந்த வேண்டாம். நெஞ்சு இறுக்கி வேர்த்துக் கொட்டி, கைக்கு நோ இறங்கினால் அது கேஸ் இல்லை, மாரடைப்பாக இருக்கலாம், குளிசை தேடிக்கொண்டு நிற்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்க. எங்கட மாமா ஒருவர் கேஸ் என்றுதான் விடியும்வரை சோடா குடித்துக்கொண்டு இருந்தவர்.

வாவிக்கரை:
நன்றி எல்லாருக்கும். கிளினிக்கில் காட்டினோம். அளவை மாற்றவில்லை, கல்சியத்தை நிறுத்திவிட்டு 6 கிழமையில் திரும்ப இரத்தம் பார்க்கச் சொன்னார்கள். எரிவுக்கு வேறு குளிசை தந்தார்கள், நேரமும் எழுதித் தந்தார்கள். கட்டில் தலைமாட்டுக் காலுக்குக் கீழ் சீமெந்துக் கல் வைத்து உயர்த்தியாச்சு. வெற்றிலையை மட்டும் விட மாட்டாவாம். இரவெல்லாம் கால்மாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போறேன் என்று எனக்கு ஒரே ஏச்சு.