வாஷ்பேசினுக்குள் குடியிருக்கும் கிருமி: வார்டில் பார்த்தவை

தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர்:
ஐசியூவில் ஒரே கிருமி விட்டுவிட்டுத் தலைகாட்டினால் எல்லோரும் கையைத்தான் சந்தேகிப்பார்கள். நியாயம்தான். ஆனால் கைச்சுத்தம் ஒழுங்காக இருந்தும் கார்பபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் வகைக்கும் அடங்காத கிளெப்சியெல்லாவோ சூடோமோனாஸோ மாதக்கணக்கில் இடைவெளி விட்டு வந்தால், வாஷ்பேசினுக்குக் கீழே குனிந்து பாருங்கள். யு வடிவ வளைகுழாயில் தேங்கும் தண்ணீரில் வழவழப்பான படலம் கட்டி இருக்கும். தீனி கிடைத்தால் நாளொன்றுக்கு ஓர் அங்குலம் அளவுக்குக் குழாய்ச் சுவரில் மேலேறும். சல்லடை மூடி வரை வந்துவிட்டால், குழாய்த் தண்ணீர் நேரே அதன்மேல் விழும்போது ஒரு மீட்டர் தூரம்வரை தெறிக்கும். பக்கத்திலேயே ஊசி மருந்து கலக்கும் மேடை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தீனி போடுவது நாம்தான்: மிச்ச குளுக்கோஸ், மூக்குக்குழாய் உணவு, ஆறிப்போன காபி. பிளீச்சை ஊற்றினால் மேல்படலம் மட்டும் கரையும். சில நாளில் பழையபடி. வளைகுழாயை மாற்றினாலும் கழிவுக்குழாயிலிருந்து திரும்ப வரும். சோதனைக்கு ஸ்வாப் (பஞ்சுக்குச்சி மாதிரி) எடுக்கும்போது பேசின் பரப்பில் தேய்ப்பது வீண். சல்லடைக்குக் கீழே விட்டு எடுக்க வேண்டும்.

துப்புரவு மேற்பார்வையாளர்:
சிஸ்டர் சொன்ன பிளீச் பற்றி. 5% ஹைப்போகுளோரைட் (பிளீச் திரவம்) ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, கிடைப்பது 0.5%. ரத்தம் சிந்திய இடத்தை முதலில் உறிஞ்சித் துடைத்துவிட்டு, பிறகு ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். அழுக்கின்மேலேயே ஊற்றினால் குளோரின் அழுக்கோடு மோதித் தீர்ந்துவிடும். கேன் வெயிலில் நின்றால் லேபிளில் 5% என்று இருக்கும், உள்ளே இருக்காது. ஆசிட்டோடு கலந்தால் விஷவாயு. கலந்ததை அன்றன்றே கொட்டிவிடுங்கள், வார்டு பேசினில் அல்ல.

தரை பளபளக்கும், மானிட்டர் பொத்தான், பிபி கஃப், கட்டில் கம்பி துடைக்கப்படாமல் கிடக்கும். அசினெட்டோபாக்டர் என்ற கிருமி காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும்.

நுண்ணுயிரியல் ஆய்வகத்திலிருந்து:
ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) இரண்டு செட், பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, ஆன்டிபயாடிக் முதல் டோஸுக்கு முன்பு. 3 மில்லி அனுப்பிவிட்டு 'வளர்ச்சி இல்லை' என்று நிம்மதியடைகிறார்கள். சிறுநீரைப் பையிலிருந்து பிடிக்காதீர்கள். கதீட்டரின் மாதிரித் துவாரத்தைத் துடைத்து ஊசியால் எடுங்கள். ஆசனவாய் ஸ்வாபில் கிருமி வந்தது என்பதற்காக மருந்து ஆரம்பிப்பது அபத்தம். அது குடியிருப்பு, நோய் அல்ல, தனிமைப்படுத்தினால் போதும்.

கோலிஸ்டின் (மற்றவை பலிக்காதபோது கடைசியாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்) கிருமியை அடக்குமா என்று மருந்து தடவிய டிஸ்க் வைத்துப் பார்த்த ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம். அந்த மருந்து அகாரில் (கிருமி வளர்க்கும் கூழில்) சரியாகப் பரவாது. பிராத் மைக்ரோடைல்யூஷன் (மருந்தைத் திரவத்தில் படிப்படியாக நீர்த்துப் பார்க்கும் சோதனை) கேளுங்கள்.

செவிலியர் (மறுபடியும்):
சார், கையுறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஜோடியோடு கட்டிலுக்குக் கட்டில் போகிறவர்கள் வெறுங்கையைவிட ஆபத்து. கழற்றியதும் ஆல்கஹால் ஹேண்ட் ரப், 20 முதல் 30 வினாடி. சி. டிஃபிசில் (வயிற்றுப்போக்கு தரும் குடல் கிருமி) நோயாளி என்றால் அதன் ஸ்போருக்கு (கடினமான உறை கொண்ட வித்துக்கு) ஆல்கஹால் பலிக்காது, சோப்பும் தண்ணீரும்தான். கை கழுவும் அந்த பேசினில் குழாய் வாய் சல்லடைக்கு நேர்மேலே இல்லாமல் தள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.